வீடும் பள்ளிக்கூடமும் ஜமாஅத்தும்



தொழுகைக்குச் செல்லும் இடத்தையும் பிள்ளைகள் படிக்கச் செல்லும் இடத்தையும் ‘பள்ளி’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. “மகன் பள்ளிக்குப் போயிருக்கிறான்” என்று ஒரு தாய் சொன்னால், எந்தப் பள்ளி என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொல் ஒன்றாக இருந்தும், எங்கள் ஊரில் அவ்விரு கட்டடங்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை இருந்ததில்லை. நடந்தால் ஐந்து நிமிடத் தொலைவுதான். ஆயினும் தலைமையாசிரியருக்கு எங்கள் ஹஜ்ரத் யாரென்று தெரியாது. ஹஜ்ரத்தோ, தம்மிடம் ஓதும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படிப் படிக்கிறது என்று விசாரிக்க வேண்டியவர் தாம் என்று எண்ணியதில்லை. அவரிடம் யாரும் கேட்டதுமில்லை.

நம் பிள்ளைகளின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு மக்தப். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம். மாலையில் டியூஷன், அல்லது மக்ரிபுக்குப் பின் மீண்டும் ஓதல். எஞ்சிய நேரம் வீடு. ஒரே பிள்ளை மூன்று பேரின் பொறுப்பில் வளர்கிறது. மூவரும் அப்பிள்ளையின் நன்மையையே நாடுகிறார்கள். ஆனால் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிவதில்லை.

இதனால் என்ன நேரும் என்பதை எங்கள் மஹல்லாவில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூலமாக அறிந்தோம். வகுப்பில் அவன் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதே இல்லை. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதுவான். கவனமில்லாத பிள்ளை என்று ஆசிரியை முடிவு செய்துவிட்டார். மக்தபில் அவன் குர்ஆனை முகத்தோடு ஒட்டினாற்போல் வைத்து ஓதுவான். அதை உஸ்தாத் பல நாள் பார்த்திருக்கிறார், பழக்கதோஷம் என்று கண்டித்தும் இருக்கிறார். தொலைக்காட்சியின் முன்னால் போய் அமர்கிறானே என்று உம்மா வீட்டில் அவனைப் பின்னால் இழுத்து இழுத்து அலுத்துப்போயிருந்தார். மூவரும் பார்த்தது ஒரே குறையைத்தான். அம்மூவரும் ஒருமுறை சேர்ந்து பேசியிருந்தால், பையனுக்குக் கண்பார்வை மங்கல் என்பது முதலாம் வகுப்பிலேயே தெரிந்திருக்கும். அரசுப் பள்ளிகளில் மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. கண்ணாடி வந்தபோது அவன் கணக்கில் மூன்று வருடம் பின்தங்கியிருந்தான். அதை ஈடுகட்ட ஒரு கல்லூரி மாணவி ஒவ்வொரு மாலையும் அவனோடு உட்கார வேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், இப்போது தேறி வருகிறான்.

இதன் பிறகே நாங்கள் சிலர் ஜமாஅத் அலுவலகத்தில் அமர்ந்து பதிவேட்டைப் புரட்டினோம். சந்தா பாக்கி யார் யாருக்கு எவ்வளவு என்று அதில் இருக்கிறது. நிகாஹ் எந்தத் தேதியில் நடந்தது, மஹர் எவ்வளவு, யார் மவ்த்தானார்கள், எந்தக் குழி என்பதுவரை எழுதப்பட்டிருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், அவர்கள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதற்கு மட்டும் இடமில்லை. பிறந்ததற்கும் நிகாஹுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகள் அந்தப் பதிவேட்டில் வெற்றிடமாகக் கிடந்தன. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கித் தெருத்தெருவாக எழுதத் தொடங்கினோம். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம், தகப்பனார் ஊரில் இருக்கிறாரா, பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தால் யார் போவார்கள் என்பனவே கேட்டவை. கடைசிக் கேள்விக்குத்தான் பல வீடுகளில் பதில் இல்லை.

நம் வீடுகளில் பாதிக்குத் தகப்பனார் ரியாதிலோ துபாயிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். வாட்ஸ்அப்பில் தினமும் பேசுகிறார். “எத்தனை மார்க்?” என்று தவறாமல் கேட்கிறார். மார்க் ஏன் குறைந்தது என்பதைச் சொல்லக்கூடிய ஆசிரியரை அவர் கண்டதே இல்லை. ஆசிரியரோ, “அப்பாவை அழைத்து வா” என்று நோட்டில் எழுதி அனுப்புகிறார். உம்மாவுக்குத் தனியே போகத் தயக்கம். போனால் என்ன கேட்பார்களோ, தமக்குப் பதில் சொல்லத் தெரியுமோ என்ற அச்சம். பிள்ளை இந்தத் தயக்கத்தை நன்றாகப் புரிந்துகொண்டு, நோட்டைக் காட்டாமலே விட்டுவிடுகிறது. இதற்குப் பெரிய திட்டமொன்றும் தேவைப்படவில்லை. தெருவுக்கு இரண்டு தாய்மார்கள் சேர்ந்து, போகத் தயங்குபவரோடு உடன் போனார்கள். மறுமுறை அவரே தனியாகப் போனார்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு இருக்கும் இடம் ஆசிரியர்கள் பார்த்துக் கொடுக்கும் சலுகை என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அப்படியன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று கேட்பதும் அக்குழுவின் வேலை. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் 2012ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு அது ஆலோசனைக் குழுவாக மட்டும் இயங்குகிறது. அரசுப் பள்ளியில் அதற்கு முழு அதிகாரம் உண்டு. எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளே பெரும்பாலோர். ஆனால் குழுவில் நம் தாய்மார்கள் ஒருவர் இருவரே இருந்தனர், அவர்களும் கையெழுத்துக்காக மட்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. இது நமக்கு வாய்த்த வசதி. ஜும்ஆவில் அறிவிப்பு, மூன்று மணிக்குக் கூட்டம். “இன்று கூட்டம் இருக்கிறது, வீட்டிலுள்ள பெண்களை அனுப்பி வையுங்கள்” என்று ஹஜ்ரத் ஒரு வாக்கியம் சொன்னதற்கு, பள்ளிக்கூடம் அனுப்பிய சுற்றறிக்கைகளுக்கு இல்லாத பலன் இருந்தது. முதல் கூட்டத்தில் நம் பெண்கள் கேட்டது பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். கேட்டுக் கிடைத்தது. அதற்குப் பிறகு பேச அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வேலை இருக்கிறது, அலுப்பூட்டுவது, ஆனால் நம் சமூகத்துக்கே உரியது. அது பெயர். பிறப்புச் சான்றிதழில் ‘முகமது’, ஆதாரில் ‘முகம்மது’, பள்ளிக்கூடப் பதிவில் ‘முஹம்மத்’. ஆங்கில எழுத்தில் போனால் இன்னும் நாலைந்து வகை. ‘மைதீன்’, ‘முகைதீன்’, ‘முஹ்யித்தீன்’ கதையும் அதுவே. தகப்பனாரின் பெயரில் ஒரு முதலெழுத்து, தாத்தாவின் பெயரையும் சேர்த்தால் இரண்டு. கடவுச்சீட்டில் ஓர் எழுத்து மாறியதால் வளைகுடாவில் பட்ட பாட்டை அறிந்த தகப்பன்மார்களே தம் பிள்ளையின் பதிவைப் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பள்ளிக்கூடம் தயாரிக்கும்போது திருத்துவது எளிது. மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்துவது அலைச்சல். எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாச் சான்றுகளையும் ஒருசேர வைத்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சாதிச் சான்றிதழும் அப்படியே. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் தமிழகத்தில் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி முதலிய பிரிவினர் அதில் வருகிறார்கள். அச்சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் ஒதுக்கீட்டால் பயனில்லை. கல்லூரி விண்ணப்பம் தொடங்கிய பிறகு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் நம்மவர் கூட்டத்தை ஒவ்வோராண்டும் பார்க்கிறோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மேற்படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இதை அறிந்து சொல்ல வேண்டியவர் பள்ளிக்கூட ஆசிரியர், வீடு வீடாகக் கொண்டுசேர்க்க வேண்டியது ஜமாஅத், தாளை எடுத்துக்கொண்டு போக வேண்டியது குடும்பம். ஒன்று விட்டாலும் பணம் வராது.

பொதுத்தேர்வும் ரமளானும் ஒன்றாக வந்த இந்தச் சில ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். 2024இல் நோன்பு மார்ச் 12இல் தொடங்கியது. பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 26 முதல் ஏப்ரல் 8 வரை நடந்தது. 2025இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. முழுவதும் நோன்புக் காலம். பதினைந்து வயதுப் பிள்ளை இரவு தராவீஹ் முடித்து, ஸஹருக்கு எழுந்து, உச்சி வெயிலில் தேர்வறையில் கணக்குப் போட்டது. சில வீடுகளில் “நோன்பை விட்டுவிடு” என்றார்கள், சில வீடுகளில் “படிப்பெல்லாம் அப்புறம்” என்றார்கள். பிள்ளை இரண்டுக்கும் நடுவே நின்றது. மார்க்க விளக்கத்தை ஆலிம்களிடமே கேட்க வேண்டும். அதில் நாங்கள் கருத்துச் சொல்லத் துணியவில்லை. ஆனால் நோன்பையும் தேர்வையும் இலகுவாக்க நம்மால் முடிந்தவை இருந்தன. தேர்வெழுதுவோருக்காகப் பள்ளிவாசலின் மாடியில் அஸருக்குப் பின் மின்விசிறியோடு படிக்க இடம் ஒதுக்கப்பட்டது. இரவு பயானின் வெளி ஒலிபெருக்கி நிறுத்தப்பட்டது. இதில் முதலில் முணுமுணுப்பு எழுந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் காலை மக்தப், பள்ளிக்கூடச் சிறப்பு வகுப்போடு மோதாமல் சனி, ஞாயிறுகளுக்கு மாற்றப்பட்டது. தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லப் போனபோது அவர் வியந்தார். காலைச் சிறப்பு வகுப்புக்கு நம் பிள்ளைகள் தாமதமாக வருவதன் காரணத்தை அவர் அன்றுதான் அறிந்தார்.

ஆண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் பொதுத்தேர்வில் மாணவியரின் தேர்ச்சி விகிதமே தமிழகத்தில் மிகுதி. நம் வீடுகளிலும் பெண் பட்டப்படிப்பு முடிக்கிறாள். அவள் தம்பி பதினொன்றாம் வகுப்பில் நின்று செல்போன் கடைக்குப் போகிறான், அல்லது மாமாவின் விசாவுக்குக் காத்திருக்கிறான். பிறகு, படித்த பெண்ணுக்கு ஏற்ற மாப்பிள்ளை இல்லை என்று நிகாஹ் பேசும்போது வருந்துகிறோம். பையன் படிப்பை விடுவது ஒரே நாளில் நிகழ்வதன்று. வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்புக்குப் போகாமல் இருப்பதில் தொடங்குகிறது. அதை முதலில் காண்பவர் வகுப்பாசிரியர். அவருடைய கைப்பேசியில் எங்களில் ஒருவரின் எண் இருந்தால், அன்று மாலையே பையனின் வீட்டுக்குப் போக முடிகிறது. மூன்று மாதம் கழித்துப் போனால் அவன் கடையில் சம்பளம் வாங்கியிருப்பான்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நம் மார்க்கத்தவர் அல்லரே, அவர்களோடு நமக்கென்ன என்று கேட்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பத்ருப் போர்க் கைதிகளில் ஈட்டுத்தொகை கொடுக்க இயலாதவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே ஈடாக ஏற்கப்பட்டது என்று சீறா நூல்களில் படிக்கிறோம். நேற்றுவரை வாளேந்தி வந்தவர்களிடம் தம் பிள்ளைகளை எழுத்துக்கு உட்காரவைத்த சமூகம் அது. நம் பிள்ளைக்காக வெயிலில் பேருந்து மாறி வரும் ஆசிரியையிடம் பேச நமக்கு என்ன தடை?

நம் முன்னோர் கல்லூரிகளை எழுப்பினார்கள். திருச்சியில் 1951இல் ஜமால் முகமது கல்லூரியும், அதிராம்பட்டினத்தில் 1955இல் காதிர் முகைதீன் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அந்தச் செல்வந்தர்களின் ஈகைக்கு நாம் என்றும் துஆச் செய்யக் கடமைப்பட்டவர்கள். ஆனால் முதலாம் வகுப்பிலிருந்து கல்லூரி வாசல்வரை பிள்ளையைக் கொண்டுசேர்ப்பது வேறு வகை உழைப்பு. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை; பெயர்ப் பலகையும் கிடைக்காது. நன்கொடையாளர்களைக் கட்டட நிதிக்கு அழைத்தால் வருகிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஒரு சிறுவனோடு வாய்ப்பாடு படிக்க ஆள் கேட்டால், பெரும்பாலும் கல்லூரிப் பெண்களும் ஓய்வுபெற்ற ஓரிரு பெரியவர்களுமே வருகிறார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

நோட்டில் இன்னும் இரண்டு தெருக்கள் எழுதப்படவில்லை. அடுத்த வாரம் இஷாவுக்குப் பிறகு அங்கே போகிறோம், இன்ஷா அல்லாஹ். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பிறப்புச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் எடுத்து வைத்திருங்கள்.