போலாம் ரைட்!

எங்க அப்பா 22 வருஷம் லாரி ஓட்டியவர். தர்மபுரிக்காரர் லாரி ஓட்டினார் என்றால் தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கினார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளை இரட்டைப் பாலம் பக்கம் நிறையப் பார்த்தவர். 2020 டிசம்பரில் ஒரே லாரி வரிசையாகப் பல வண்டிகள் மேல் மோதி 4 பேர் செத்தார்களே, அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "கியர்ல இறங்கியிருந்தா வண்டி நின்னிருக்கும்டா" என்று மட்டும் சொன்னார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போன வருஷம் மே மாசம் ஜெர்மனியில் ஒரு குட்டிக் காரை வைத்துக்கொண்டு பட்ட பாடுதான் இந்தக் கதை :-)

ஹைடல்பர்க் பக்கத்தில் இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மாமா அவளை விட்டு நகர முடியாத நிலை. "ஃபிராங்ஃபர்ட்ல இறங்கி ரயில் பிடிச்சு வந்துடுங்க" என்றார். அப்பா கேட்பாரா? "ரெண்டு பெட்டி, ராகி மாவு, பிரசவ லேகியம்.. இதையெல்லாம் தூக்கிக்கிட்டு ரயில் மாறச் சொல்றியா? 80 கிலோமீட்டர்தானே, நான் ஓட்டிக்கிறேன்." ஆர்.டி.ஓ ஆபீஸில் 1000 ரூபாய் கட்டி, ஒரு வருஷம் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கினார். ஓட்டுகிறவர் பேரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்று வாடகைக் கார்காரர்கள் சொன்னதால் வாழ்க்கையில் முதல் தடவையாக அதையும் வாங்கினார்.

பெங்களூரில் அதிகாலை 3 மணி வாக்கில் விமானம். கிட்டத்தட்ட 10 மணி நேரப் பயணம். இரண்டு பேருக்குமே முதல் விமானம். அம்மா சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கிவிட்டார். அப்பா ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை. ஏனென்று கேட்டால், "டிரைவர் முழிச்சிருக்கும்போது கூட வர்றவன் தூங்கக்கூடாது"ன்னு பதில். லாரிக்காரர் சட்டம், ஆகாயத்திலும் செல்லும் போல!

ஃபிராங்ஃபர்ட்டில் காலை 9 மணிக்கு மேல் ஆகிவிட்டது. இங்கே மதியம் 1 மணி. நான் காலேஜுக்குப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாவி கைக்கு வந்ததும் அப்பா வழக்கம் போல வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைக் காணோம். அது அம்மா பக்கம் இருந்தது! இடம் மாறி உட்கார்ந்து கியர் போடப் போனால் இடது கை கதவில் இடித்தது. இண்டிகேட்டர் என்று தட்டினால் வைப்பர் ஆடியது. வெயிலில் வைப்பர் போட்டுக்கொண்டு போன ஒரே கார் அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆட்டோபானில் ஏறியதும் சின்ன கார்கள் எல்லாம் பறக்கின்றன. அங்கே கனரக லாரிகளுக்கு 80 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். அப்பா வலது ஓரத்தில் போன ஒரு லாரிக்குப் பின்னால் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டார். "லாரி பின்னாடி போனா பழகின ஊர் மாதிரி இருந்துச்சு" என்றார் அப்புறம்.

அக்கா வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஒரு சின்ன ஊரில் காபிக்கு நிறுத்தினார்கள். வினை அங்கேதான். திரும்பக் கிளம்பியபோது ரோட்டில் ஒரு வண்டி இல்லை. தூக்கம் இல்லாத கண். கை தானாக, 22 வருஷப் பழக்கத்தில், காரை இடது பக்கம் கொண்டுபோய்விட்டது. கொஞ்ச தூரத்தில் வளைவு. வளைவிலிருந்து நேராக ஒரு கார்.

"ஏங்க.. அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" அம்மா போட்ட சத்தத்தில் அப்பா வலப்புறம் வெட்டி ஓரம் கட்டிவிட்டார். எதிரே வந்தவரும் பிரேக் போட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது என்று அம்மாதான் சொன்னார். அவர் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டாராம்: "ஏங்க, நம்மூர்ல நடுக்கோடு உங்க பக்கம்தானே இருக்கும்?"

"ஆமா."

"இங்கயும் உங்க பக்கம்தானே இருக்கணும்? ஓரம் என் பக்கம். அவ்ளோதானே?"

எனக்கு அதைக் கேட்டு ஆச்சரியமாகிவிட்டது. இடது, வலது என்று யோசித்தால்தான் குழப்பம். ஸ்டியரிங்கும் சேர்ந்து மாறிவிடுவதால், இரண்டு ஊரிலும் நடுக்கோடு டிரைவர் பக்கம்தான்! வண்டியே ஓட்டத் தெரியாத அம்மா கண்டுபிடித்தது இது.

பிறகு படித்துப் பார்த்தேன். ஸ்வீடன் ஒரு தேசமாகவே இப்படி மாறியிருக்கிறது. 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு, வண்டிகளை நிறுத்தி, இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு நகர்த்திவிட்டார்கள். அதற்கு முன்னால் பெரிய அளவில் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பாவுக்கு அந்தத் தயாரிப்பும் இல்லை, தூக்கமும் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் வண்டி எடுத்தது தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டார். "லாரில கிளீனர் பையன் இதைச் செஞ்சா திட்டியிருப்பேன்."

ஒன்றும் தெரியாதவன் பயந்து பயந்து ஓட்டுவான். நன்றாகத் தெரிந்தவனுக்குத்தான் கை முந்திக்கொள்ளும். 22 வருஷ அனுபவத்தைக் கொஞ்ச நேரம் மடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்க அப்பாவுக்கு முடிந்ததே, எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிகிறது. கல்யாணமான நாளிலிருந்து அம்மாவை அவர் ஒரு நாளும் லாரியில் ஏற்றியதில்லை. "தொப்பூர்ல என் உசுரு ஒண்ணு போதும்" என்பார்.

அன்று மீதி வழி முழுக்க அம்மாதான் கிளீனர். ஒவ்வொரு திருப்பத்திலும் "கோடு உங்க பக்கம், ஓரம் என் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். இங்கே மாலை 5 மணிக்கு என் போன் அடித்தது. பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"பத்திரமா வந்துட்டோம்டா" என்றார் அப்பா. "உங்கம்மா ஒவ்வொரு முக்குலயும் என்ன சொன்னா தெரியுமா? போலாம் ரைட்!"

அங்கே நிஜமாகவே ரைட்தான் :-)