நான் தட்டச்சு செய்யாத பெயர்கள்

பட்டாளத்தில் நான் கிளார்க். ஹவில்தாராக ஓய்வுபெற்றுச் சித்தூருக்கு வந்த பிறகு, சுற்றுவட்டாரத்து முன்னாள் ராணுவத்தினருக்கு மனு எழுதிக் கொடுத்துவருகிறேன். பென்ஷன் பாக்கி, குடும்பப் பென்ஷன், டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் தப்பு, மருத்துவ கார்டு என எதுவானாலும் என்னிடம் வருவார்கள். காசு வாங்குவதில்லை. அதனால் நல்ல மனிதர் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் குறுகிப்போகிறேன். காரணத்தை வெகுநாள் யாரிடமும் சொன்னதில்லை.

2021 பிப்ரவரியில், 1971 போரின் பொன்விழாவையொட்டி டெல்லியிலிருந்து புறப்பட்ட வெற்றி ஜோதி திருப்பதிக்கு வந்தது. அங்கே வசித்த மேஜர் ஜெனரல் சி. வேணுகோபாலின் வீட்டுக்கே அதைக் கொண்டுபோனார்கள். முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி நேரில் போய் மரியாதை செய்தார். 1971-இல் வேணுகோபால் லெப்டினென்ட் கர்னல். கூர்க்கா பட்டாலியன் ஒன்றின் தளபதி. கிழக்கு முனையில் உத்தாலி, தர்ஸனா என்ற பலமான காவல் போட்ட இரண்டு ஊர்களை டிசம்பர் 4-ஆம் தேதி மீட்டு, பின்வாங்கியவர்களை விடாமல் துரத்தி 7-ஆம் தேதி ஜெனிதா வரை போனவர். அதற்காக மகாவீர் சக்ரா பெற்றவர்.

இந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் புத்தூரிலிருந்து அந்தப் பெரியவர் என்னைத் தேடி வந்தார். புத்தூர் என்றால் எல்லோருக்கும் எலும்பு முறிவுக் கட்டுதான் நினைவுக்கு வரும். அங்கே பழைய மிலிட்டரிக்காரர்களும் உண்டு. இவர் 1971-இல் சக்திமான் லாரி ஓட்டியவர். தளபதி வேணுகோபாலின் படை முன்னேறிய அதே தர்ஸனா சாலையில் குண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார். டிஸ்சார்ஜ் புக்கை விரித்துக் காட்டினார். பதக்கங்களுக்கான இடத்தில், மங்கிப்போன நீல மசியில் ‘பஸ்சிமி ஸ்டார்’ என்று எழுதியிருந்தது.

அந்தப் போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். கிழக்கே லாரி ஓட்டியவருக்கு மேற்கு நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள்.

“தம்பி, நான் பஞ்சாப் பார்டரையே பார்த்ததில்ல. பேரன் இந்தப் புக்கைப் படிச்சிட்டு, தாத்தா நீ பஞ்சாப்ல சண்டை போட்டியான்னு கேக்கறான். ஆமான்னா பொய். இல்லைன்னா கவர்மென்ட் புக்கு பொய்யான்னு கேப்பான். இதை மாத்திக் குடுங்க” என்றார்.

“ஐயா, இதுல பைசா எதுவும் வராதே” என்றேன். நான் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

அது உண்மைதான். வீரப் பதக்கங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 2017 ஆகஸ்ட் முதல் பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், மகாவீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000, வீரச் செயலுக்கான சேனா பதக்கத்துக்கு 2,000. போர்முனையில் இருந்ததற்காகத் தரும் நட்சத்திரங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. என்னிடம் வரும் மனுக்களை நான் அந்தக் கணக்கில்தான் அடுக்கிவைப்பேன். பணம் வரக்கூடியது மேலே, மற்றது அடியில். விதவைகள் பென்ஷனுக்குக் காத்திருக்கும்போது ஒரு நட்சத்திரத்துக்கு என்ன அவசரம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பெரியவரின் காகிதங்கள் அடியில் போயின.

அவர் வந்து கேட்டார். “அனுப்பியாச்சு ஐயா, பதில் வரல” என்றேன். அனுப்பவே இல்லை. 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்து புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போனபோது, “புது மாவட்டம், எல்லாம் ஒழுங்காகட்டும்” என்று அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். ரெக்கார்டு ஆபீசுக்கும் மாவட்ட எல்லைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் என்னை நம்பினார்.

பணம் வராத வேலை என்பது நான் வெளியே சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. அந்தத் தப்பு எப்படி நேர்ந்திருக்கும் என்று புக்கைப் பார்த்த கணமே எனக்குப் புரிந்துவிட்டது. அப்படிப்பட்ட தப்பைச் செய்தவன் நான்.

ஒரு சிப்பாய்க்கு என்ன நடந்தாலும் அது ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற தாளில் ஏற வேண்டும். லீவு, கல்யாணம், காயம், பதக்கம் எல்லாமே. யூனிட் கிளார்க் அதைத் தட்டச்சு செய்வார், அதிகாரி கையெழுத்துப் போடுவார், அது ரெக்கார்டு ஆபீசுக்குப் போய் அவருடைய சேவைப் பதிவேடான ஷீட் ரோலில் பதிவாகும். கடைசியில் டிஸ்சார்ஜ் புக்கில் வருவது அந்தப் பதிவின் சாரம். பெரியவரின் சொந்த யூனிட் மேற்கே இருந்திருக்கிறது. சில லாரிகளையும் டிரைவர்களையும் மட்டும் கிழக்கே அனுப்பியிருக்கிறார்கள். போர் முடிந்ததும் யாரோ ஒரு கிளார்க் யூனிட்டின் முழுப் பெயர்ப்பட்டியலான நாமினல் ரோலை எடுத்து எல்லோருக்கும் பஸ்சிமி ஸ்டார் என்று அடித்துவிட்டார். வேறு யூனிட்டோடு ‘அட்டாச்’ ஆகிப் போனவன் எப்போதுமே இப்படி இரண்டு யூனிட்டுக்கும் நடுவில் விழுந்துவிடுவான்.

எனக்கு அது இலங்கையில் நடந்தது. இந்திய அமைதிப்படை அங்கே போயிருந்த ஆபரேஷன் பவன் காலம். எங்கள் யூனிட் யாழ்ப்பாணப் பக்கம் இருந்தபோது வேறு பிரிவுகளிலிருந்து சில டிரைவர்களும், ஒரு சமையல்காரரும், ஒரு நாவிதரும் எங்களோடு அட்டாச் ஆகியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று என் மேசையருகே வந்து நிற்பார். ஒருநாள் கான்வாயில் அவருக்கு முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. அவருடைய லாரியின் கண்ணாடி நொறுங்கியது. மறுநாளிலிருந்து நான் பேசும்போது தலையைத் திருப்பி இடது காதை என் பக்கம் கொடுப்பார். மறுநாளும் வண்டி ஓட்டினார்.

வெளிநாட்டில் பணிசெய்தவர்களுக்கான விதேஷ் சேவா பதக்கத்துக்கு நான் ரோல் தயாரித்தபோது எங்கள் ஆட்களின் பெயர்களை மட்டும் அடித்தேன். அட்டாச் ஆனவர்களுக்கு அவர்களுடைய சொந்த யூனிட்தான் ஆர்டர் போட வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார்கள் என்று நாங்கள் சான்று அனுப்ப வேண்டும். நான் அனுப்பவில்லை. இந்தியா திரும்பிய பிறகு ஒரு யூனிட்டிலிருந்து அந்தச் சான்றைக் கேட்டுக் கடிதமே வந்தது. பழைய ரிஜிஸ்டர்களைக் கட்டிலிருந்து பிரித்துத் தேட வேண்டும். அலுப்பு. ‘மேற்படியார்கள் இந்த யூனிட்டின் பலத்தில் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் அடித்து, மற்றக் கடிதங்களோடு சேர்த்து வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அந்த வரி சட்டப்படி பொய்யில்லை. அட்டாச் ஆனவர் யூனிட் பலத்தில் வரமாட்டார். அதனால் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

அந்த அமைதிப்படை எப்படித் திரும்பியது என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைக்கு வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழ் மக்களின் மனவேதனை அப்படி. அதில் நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் போகச் சொன்ன இடத்துக்குப் போய்வந்த சாதாரண டிரைவருக்கு ஊரிலும் நல்ல வார்த்தை இல்லை, தெருவிலும் இல்லை. டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு வரி இருந்திருக்கலாம். அதையும் நான் இல்லாமல் செய்தேன்.

தாளில் வரும் பிழை பெரிய பெயர்களையும் விட்டதில்லை. கார்கில் போரில் டைகர் ஹில்லில் போரிட்ட யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம்வீர் சக்ராவை முதலில் ‘மறைவுக்குப் பின்’ என்றே அறிவித்தார்கள். இறந்தவர் அதே பெயருள்ள வேறொருவர். இவர் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். நாடே பார்த்துக்கொண்டிருந்ததால் சீக்கிரம் திருத்திவிட்டார்கள். அதே போரில் படாலிக் பகுதியில் பிரிகேடை நடத்திய தேவிந்தர் சிங்கின் பங்கு மேலதிகாரியின் அறிக்கையில் குறைத்து எழுதப்பட்டது. அதைச் சரிசெய்ய அவர் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது; 2010-இல்தான் அந்த அறிக்கையைத் திருத்த உத்தரவு கிடைத்தது. ஒரு பிரிகேடியருக்கே பத்தாண்டுக்கு மேல் ஆனது. லாரி டிரைவருக்கு வக்கீல் யார்? என்னைப் போன்றவர்கள்தான்.

2023 கடைசியில் பெரியவரின் மனைவி இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு புத்தூருக்குப் போனேன். அவர் என்னிடம் பதக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை உடைத்தது. திரும்பி வந்து அந்தக் கட்டை எடுத்தேன். டிஸ்சார்ஜ் புக்கின் நகலுக்குள் மடித்த இன்லேண்டு கடிதம் ஒன்று இருந்தது. முதல் நாளே கொடுத்திருக்கிறார். நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. 1971 டிசம்பரில் மனைவிக்கு எழுதியது. அனுப்புநர் முகவரியில் ‘99 ஏ.பி.ஓ.’ என்று போட்டிருந்தது. கிழக்கே இருந்த படைகளுக்கு ராணுவ அஞ்சல் முகவரி 99 ஏ.பி.ஓ., மேற்கே இருந்தவர்களுக்கு 56 ஏ.பி.ஓ. பட்டாளத்தில் கடிதம் எழுதிய எவனுக்கும் இது தெரியும். அவர் எங்கே இருந்தார் என்பதற்கான அத்தாட்சி இத்தனை நாளும் என் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

மறுபடி புத்தூருக்குப் போய், மனுவை நான் அனுப்பவே இல்லை, அனுப்பியதாகச் சொன்னது பொய் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். “அவ இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே தம்பி. பதில் வந்துச்சா வந்துச்சான்னு அவதான் கேட்டுக்கிட்டே இருந்தா” என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

மனு இப்போது ரெக்கார்டு ஆபீசில் இருக்கிறது. கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். அந்த மாதங்களில் டிரைவர்களை அனுப்பிய மூவ்மென்ட் ஆர்டரையும் போர் நாட்குறிப்பையும் சரிபார்க்கும்படி கேட்டிருக்கிறேன். ‘பரிசீலனையில்’ என்று ஒரு பதில் வந்தது. அதை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

வேலூர்க்காரரையும் தேடினேன். பென்ஷனுக்கு வேண்டிய 15 ஆண்டு சர்வீசை முடிக்காமலே வெளியே வந்துவிட்டாராம். இப்போது இரண்டு காதும் சரியாகக் கேட்பதில்லை. போனில் அவர் மனைவிதான் பேசினார். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவரின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது விதி. அவருக்காக நான் எழுதிய மனுவுக்கு அந்தப் பதில்தான் வந்தது. பதக்கத்துக்கும் காயத்துக்கும், அந்தக் காலத்தில் அவர் பணிசெய்த யூனிட்டின் ஆவணம் ஏதாவது இருந்தால் அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த யூனிட்டின் ஆவணம் என்றால் நான் அடித்த ரோலும், நான் அடித்த அந்த ஒருவரிக் கடிதமும்தான்.

அதனால் நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த டிரைவர்களும் சமையல்காரரும் நாவிதரும் எங்களோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அன்றைய பதில் என் சோம்பலால் அனுப்பப்பட்டது. கண்ணிவெடிக்குப் பிறகு வேலூர்க்காரர் காது கேட்காமல் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். நினைவிலிருக்கும் பெயர்களையெல்லாம் எழுதினேன். நாவிதரின் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் யூனிட்டின் பழைய ஆட்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.