மழைக்காலத்து வெள்ளரி தோசை

கார்க்களாவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் குன்றின் மேல் நிற்கும் கோமடேஸ்வரரைப் பார்க்க வருகிறார்கள். 1432ல் ஒற்றைக் கல்லில் செதுக்கி நிறுத்திய 42 அடிச் சிலை. பார்த்து முடித்ததும் கடைத்தெருவில் ஏதாவது ஓர் ஓட்டலில் மசால் தோசை, காபி. பிறகு உடுப்பிக்கோ தர்மஸ்தலாவுக்கோ பஸ். தோசையின் பிறந்த வீட்டில் தோசை சாப்பிட்ட திருப்தி. ஆனால் கர்நாடகத்தின் இந்தக் கடலோர மாவட்டங்களில் வீட்டில் காலையில் வார்க்கும் தோசை வேறு வகை. ஓட்டல் பலகையில் அது அநேகமாக இடம்பெறுவதில்லை.

அதைப் பார்க்க ஒரு வீட்டுக்குள் போய், முதலில் தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூலை மாதம், காலை ஆறு மணி. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற பிரதேசம் இது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஊருக்கு வெளியே ஓர் ஓட்டு வீடு. சமையலறையை ஒட்டிய நடையில் மூங்கில் கழிகளிலிருந்து தென்னோலைக் கீற்றுகளில் கட்டித் தொங்குகின்றன பத்துப் பன்னிரண்டு காய்கள். மஞ்சள் உடம்பு, பச்சை வரி, கை முஷ்டியைவிடப் பெரிது. சென்னைக் கடைகளில் 'மங்களூர் வெள்ளரிக்காய்' என்று விற்கிறார்களே, அதுதான். துளுவில் தௌதெ, கொங்கணியில் தவ்ஷெ, கன்னடத்தில் சௌதெகாய். கோடையில் பறித்த காய்கள் இவை. தரையில் குவித்தால் பத்து நாளில் அழுகும். ஒன்றையொன்று தொடாமல் காற்றில் தொங்கினால் மழைக்காலம் முழுவதும் தாங்கும். வெளியே தோட்டம் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும் மாதங்களில் இந்த வீட்டுக் காய்கறிக் கடை தலைக்கு மேல் இருக்கிறது.

வீட்டுத் தலைவர் மும்பையில் ஓர் ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் அவர் மனைவி, தாயார், ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன். மனைவி கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறார். பள்ளி வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடும். தோசைக்கு அரிசி முந்தின இரவே ஊறியிருக்கிறது.

முதல் வேலை அஜ்ஜியுடையது. காயின் இரண்டு நுனிகளையும் நறுக்கி, ஒரு சீவல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. ஒரு கசப்புக் காய் ஒரு பாத்திர மாவையும் கெடுத்துவிடும். அதோடு, வெள்ளரி இனத்தில் கடுங்கசப்பு என்பது வயிற்றைப் பதம்பார்க்கும் நஞ்சின் அடையாளம். பேத்திக்கும் ஒரு சீவல் கிடைக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்று, "சரியாக இருக்கிறது, அஜ்ஜி" என்று தீர்ப்புச் சொன்ன பிறகே தோல் சீவுகிறார்கள். துருவுவதும் அவள் வேலைதான்.

இரண்டு கப் பச்சரிசிக்கு அதே அளவு வெள்ளரித் துருவல், ஒரு கைப்பிடி தேங்காய், உப்பு. அரைக்கும்போது தண்ணீர் விடக் கூடாது. இதுதான் இந்த தோசையின் ஒரே ரகசியம். வெள்ளரியே தண்ணீர்; அரிசி அதிலேயே அரைபட்டுவிடும். பழக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றியவர்கள் தோசைக்குப் பதிலாகக் கல்லில் ஒட்டிய பசையைச் சுரண்டுவார்கள். உளுந்து கிடையாது, புளிக்க வைப்பதும் கிடையாது. அரைத்த கையோடு வார்க்கலாம். இரும்புக் கல்லில் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தடவி (வெங்காயம் ஆகாத வீடுகளில் கத்தரிக்காய்க் காம்பு), மாவைக் கொஞ்சம் கனமாக ஊற்றி, மூடி போட்டு, நடுத்தரத் தீயில் விட வேண்டும். திருப்பிப் போடுவதில்லை. மூடியைத் திறந்தால் மேலே வெள்ளையாக, பொத்துப் பொத்தென்று துளைகளோடு, அடியில் மட்டும் பொன்னிறமாக, வெள்ளரி வாசனையோடு இருக்கும்.

பையனுக்கு இதோடு தேங்காய்த் துருவலில் வெல்லம் பிசைந்தது. பெண்ணுக்குச் சட்னி. சில வீடுகளில் வெல்லத்தை மாவிலேயே கலந்து இனிப்பாக வார்ப்பதும் உண்டு. காயின் நடுவிலிருந்து வழித்தெடுத்த விதையும் சதையும் வீணாவதில்லை. அதை அரைத்து மறுநாள் இன்னொரு தோசை.

வெள்ளரி ஒன்றுதான் என்றில்லை. கோடையில் தர்பூசணி சாப்பிட்டுவிட்டுத் தூக்கியெறிகிற ஓட்டின் வெள்ளைப் பகுதியை அரிசியோடு அரைத்து 'பச்சங்காயி தோசை' வார்க்கிறார்கள். பலா காய்க்கும் மாதங்களில் முற்றிய காயின் சுளை இரண்டு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. இது மெல்லிதாக இழுத்து மொறுமொறுப்பாக எடுக்க வேண்டிய ரகம். சுரைக்காய், பூசணி, முருங்கைக்கீரை எல்லாவற்றுக்கும் முறை வரும். கொங்கணிக் குடும்பங்களின் 'சண்ண போளோ' கொஞ்சம் முரட்டு ஆசாமி: அரிசி, துவரம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி அரைத்த விழுதில் பொடியாக நறுக்கிய முட்டைக்கோசும் வெங்காயமும். நம்மூர் அடைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். குழந்தைகளுக்கு மிளகாயைப் பாதியாகக் குறைப்பார்கள். அப்படியும் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் இருக்கும்.

பெங்களூர், மும்பை அடுக்குமாடி வீடுகளில் இந்த தோசைகள் இப்போது வேறொரு காரணத்துக்காக வார்க்கப்படுகின்றன. காய்கறி தின்னாத குழந்தையை ஏமாற்றித் தின்ன வைக்க. கேரட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் அரைத்துவிடு, கீரையை மாவில் ஒளித்துவிடு என்று தாய்மார்கள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்கிறார்கள். கார்க்களா வீட்டில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. கசப்புப் பார்த்தவளும் துருவியவளும் அந்தப் பெண்தான். பையனுக்குக் கூட எந்தக் கழியிலிருந்து எந்தக் காய் இறங்கியது என்று தெரியும். சத்தைப் பற்றிய மிகையான நம்பிக்கையையும் இங்கே கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். இரண்டு வெள்ளரி தோசை தின்ற குழந்தை அன்றைய காய்கறிக் கணக்கை முடித்துவிட்டது என்று அம்மா நிம்மதியடைய முடியாது. முருங்கைக்கீரை தோசை என்றால் விஷயம் வேறு.

அப்படியானால் காய் எதற்காக மாவுக்குள் போனது? பதில் அஜ்ஜியிடம் இருக்கிறது. "அரிசி போதாததால்தான்" என்கிறார், அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டே.

தமிழர்களின் ஆடிதான் துளுவர்களின் 'ஆட்டி'. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. நாற்று நட்டாகிவிட்டது, அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, மழையில் கூலி வேலையும் கிடையாது. பழைய துளு நாட்டில் ஆட்டி என்றால் பசி மாதம். சேப்பங்கிழங்கு இலை, தகரைக்கீரை, மூங்கில் குருத்து, மண் பூசிப் பத்திரப்படுத்திய பலாக்கொட்டை என்று காடும் வேலியும் கொடுத்ததை வைத்து ஓட்டிய மாதம். ஆட்டி அமாவாசையன்று விடியற்காலையில் ஏழிலைப்பாலை மரப்பட்டையை இடித்த கஷாயத்தைக் குடிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அதன் கசப்பு குழந்தைகளுக்கு ஆண்டுக்கொரு முறை வருகிற தண்டனை.

விளைந்த நெல்லாவது வீட்டில் தங்கியதா என்றால், அதுவும் இல்லை. தென் கன்னடத்தில் நிலத்தை உழுதவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள். குத்தகை அரிசியாகவே அளக்கப்பட்டது. அரிசியை வைக்கோலில் உருண்டையாகக் கட்டி இறுக்கிய 'முடி'தான் அளவு. நிலச்சொந்தக்காரருக்கு முடிகள் போன பிறகு மிஞ்சியதில் ஆண்டை ஓட்ட வேண்டும். நாலு கப் அரிசி வேண்டிய இடத்தில் இரண்டு கப் போட்டு, மீதியை உத்தரத்திலிருந்து இறக்கிய காயால் நிரப்பினால் எல்லாக் குழந்தைகளின் தட்டிலும் தோசை விழும். தேவராஜ் அர்ஸ் ஆட்சியில், 1974ல், திருத்தப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உழுதவர்கள் நில உரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இந்த மாவட்டத்தில் அது ஏட்டளவில் நிற்காமல் பல்லாயிரம் குடும்பங்களின் பானையை நிறைத்தது. அரிசி வந்த பிறகும் வெள்ளரி தோசை போகவில்லை. நாக்கு அதற்குள் பழகிவிட்டிருந்தது.

ஓட்டல்காரர்கள் ஏன் இதைத் தொடவில்லை என்பது தனிக்கதை. உடுப்பிப் பக்கத்திலிருந்து வெளியேறிய பையன்கள் நாடெங்கும் இட்லி தோசை விற்றார்கள். சென்னையில் 1938ல் உட்லண்ட்ஸைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவும் இந்தப் பக்கத்துக்காரர்தான். புளித்த உளுந்து மாவு ஓட்டலுக்கு ஒத்துவரும். இரவு அரைத்து வைத்தால் மறுநாள் முழுவதும் வார்க்கலாம். வெள்ளரி மாவு ஒரு மணி நேரம் காத்திருந்தால் நீர் விட்டுக்கொள்ளும். தவிர, பற்றாக்குறையில் பிறந்த பலகாரத்தைக் காசுக்கு விற்க யாருக்கு மனசு வரும்? கார்க்களா வீட்டுத் தலைவர் மும்பையில் நாள் முழுக்க மசால் தோசைக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வந்தால் முதல் நாள் காலையில் கேட்பது சௌதெகாய் தோசையைத்தான்.

ஏழேகால். கல்லில் ஒரு நேரத்தில் ஒரு தோசைதான், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். பையன் இரண்டாவதை முடிப்பதற்குள் பெண் மூன்றாவது கேட்கிறாள். மூடி போட்டு வேக வைக்கிற தோசையை அவசரப்படுத்த முடியாது. தீயைக் கூட்டினால் அடி கருகும், மேல் வேகாது. ஓட்டல் தோசையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். வீட்டு தோசைக்கு அடுப்படியில் நிற்கிற முக்கால் மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அலுவலகம் போகும் பெண்ணுக்கு அந்த முக்கால் மணி எங்கிருந்து வருகிறது? இந்த வீட்டில் அஜ்ஜி இருப்பதால் வருகிறது. அவர் இல்லாத வீடுகளில் ரொட்டியும் பாக்கெட் மாவும் வந்துவிட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அதற்காக அந்தத் தாய்மார்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

மழை வலுத்தால் மட்டும் காட்சி மாறும். மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவாரா என்று கடலோரக் குழந்தைகள் இரவிலிருந்தே காத்திருப்பார்கள். விடுமுறை அறிவிப்பு வந்த காலைகளில் தோசைக்கு அவசரமில்லை. பெண்ணே கரண்டியைப் பிடித்து வார்த்துப் பார்க்கிறாள். முதல் தோசை இந்தியா வரைபடம் மாதிரி வருகிறது. பையன் அதைத் தனக்கு வேண்டும் என்கிறான்.

அஜ்ஜியின் கவலை வேறு. நெல் அறுத்த வயலில்தான் இந்த வெள்ளரி போடுவார்கள். கோடைக்குள் காய் முற்றிவிடும். அந்த வயல்கள் குறைகின்றன. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைக்காமல் சில தரிசாகக் கிடக்கின்றன, சில பாக்குத் தோட்டமாகிவிட்டன, சாலையை ஒட்டியவை மனைகளாகிவிட்டன. இவர்கள் பக்கத்து வயலில் இந்த ஆண்டு எல்லைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். சந்தையில் வெள்ளரிக்காய் கிடைக்காமல் போகாது, லாரியில் வரும். உத்தரத்தில் தொங்கவிட்டால் ஆகஸ்ட் வரை தாங்கும் ரகமா அது என்பதுதான் கேள்வி.

கழியின் கோடியில் மற்றவற்றைவிடப் பெரிய காய் ஒன்று தனியாகத் தொங்குகிறது. "நாளைக்கு அதை இறக்கலாமா?" என்று கேட்கிறாள் பேத்தி. "அதில் கை வைக்காதே, அது விதைக்கு" என்கிறார் அஜ்ஜி. காய் பழுத்துத் தளர்ந்ததும் விதையை வழித்துச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பார். நெல் அறுவடை முடிந்து வயல் காயும்போது அதைப் போட வேண்டும். மும்பையிலிருந்து மகன் ஒருமுறை போனில், வயலுக்கு நல்ல விலை வருகிறது என்று பேச்சை ஆரம்பித்திருக்கிறார். அஜ்ஜி இன்னும் பதில் சொல்லவில்லை.