பட்டாணியளவுச் சுரப்பி

மூக்கின் பின்புறம், மூளையின் அடியில், எலும்புக் குழியொன்றில் பட்டாணியளவே உள்ள சுரப்பி ஒன்று அமைந்துள்ளது. அதனைப் பிட்யூட்டரி என்பர். அதில் தோன்றும் சிறு கட்டி தூண்டுநீரை மிகுதியாகச் சுரந்தால், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலை அளவின்றிப் பெய்யும். முகம் முழுமதிபோல் உருண்டு, கைகால் மெலிந்து, வயிற்றில் செந்நீலக் கோடுகள் படரும். குருதியழுத்தமும் நீரிழிவும் உடன்வருதலும் உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-இல் இந்நோயை விரித்துரைத்தமையின் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

மூக்கின் வழியே பிட்யூட்டரிக் கட்டியை அகற்றும் முறையை அவர் கையாண்டு, பின்னர்க் கைவிட்டார். 1960-களில் மான்ட்ரியல் நகரத்து ஜூல்ஸ் ஹார்டி நுண்ணோக்கியின் துணையால் அதற்கு மறுவாழ்வு தந்தார். இன்று, சிறு கட்டியாயின், தேர்ந்த கைகளில் பத்துப் பேருள் எண்மர் வரை நலம் பெறுகின்றனர்.

வியப்பு இனித்தான். கட்டி முற்றும் நீங்கிய நோயாளி துள்ளி எழுவதில்லை, சோர்ந்து கிடக்கின்றார். மூட்டுகள் நோகும், உணவில் விருப்பம் இராது. "அறுவை பயனற்றுப் போயிற்றே!" என்று சுற்றத்தார் கலங்குவர். மருத்துவரோ, குருதியில் கார்ட்டிசால் மிகக் குறைந்திருத்தலைக் கண்டு மகிழ்வர். பகை நீங்கியதற்கு அதுவே சான்று. கட்டியின் மிகையால் நெடுநாள் உறங்கிக் கிடந்த நற்பகுதி விழித்தெழப் பல திங்கள், சிலர்க்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை ஹைட்ரோகார்ட்டிசான் மாத்திரையே ஊன்றுகோல். அதனைத் தாமே திடுமென நிறுத்துவோர் உயிருக்கே ஊறு தேடிக்கொள்வர்.

முகவட்டம் மெல்லத் தேயும். எலும்பு வலிமை மீளக் காலம் செல்லும். பல்லாண்டு கழித்தும் நோய் திரும்பி வருதல் உண்டு. ஆதலின், தவறாது வந்து சோதித்துக்கொள்ளுமாறு கூறியே நோயாளியை வீட்டுக்கு அனுப்புகின்றனர்.