பச்சைச் சூரியன்

எங்கள் வீட்டில் புடவை எடுப்பதென்றால் கடைக்குள் ஒரு மணி நேரம், வாசலில் அரை மணி நேரம். அம்மாவுக்கு டியூப்லைட்டின் மேல் நம்பிக்கை கிடையாது. பிடித்த புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு காந்தி ரோட்டுக்கே இறங்கிவிடுவாள். கடைப்பையன் பின்னாலேயே காவலுக்கு ஓடி வருவான். "பகல் வெளிச்சத்துல பாத்தாத்தான் நிறம்" என்பது அவள் கட்சி.

அந்தப் பகல் வெளிச்சமே ஒருமுறை காலை வாரியிருக்கிறது. 1883 செப்டம்பர் 9 வாக்கில் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாக உதித்து, பச்சையாக மறைந்தது. சற்று மேலே ஏறினால் நீலச்சாயல். இரண்டு வாரம் முன்பு ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரக்கதோவா எரிமலை வெடித்திருந்தது. அதன் தூசும் ஆவியும் பூமத்தியரேகையை ஒட்டி மேற்கே பயணப்பட்டுப் பூமியையே சுற்றிக்கொண்டிருந்தன. சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்தச் சூரியனை நிறமாலைமானியில் பிடித்துப் பார்த்து எழுதி வைத்தார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தை நடத்தியவரும் அவரே.

காற்றின் மூலக்கூறுகள் ஒளியலையைவிட மிகச் சிறியவை. அவை நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். அதனால் மாலையில் நமக்கு மிஞ்சுவது சிவப்பு. தூசு ஏறக்குறைய ஒளியலையின் பருமனுக்கே வந்துவிட்டால் கதை தலைகீழ். சிவப்பு சிதறிப் போகும், பச்சையும் நீலமும் வந்து சேரும். ஆனால் தூசு முழுக்க ஒரே பருமனாக இருந்தாக வேண்டும். பொடியும் குருணையும் கலந்திருந்தால் வித்தை பலிக்காது. 1950இல் கனடாவின் காட்டுத்தீப் புகை போய்ச் சேர்ந்து ஸ்காட்லாந்தில் சூரியன் நீலமானது. நடுவில் எத்தனை தீ, எத்தனை எரிமலை! எல்லாவற்றுக்கும் இது வாய்க்கவில்லை.

எங்கள் தெருத் தறிக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். மயில் கழுத்து நெய்துகொண்டிருந்தார். நாடா நிற்கவில்லை.

"பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீ நிக்கிற பக்கத்துக்கு எது தூக்கலாத் தெரியுதோ அதான் நிறம். இதுல என்ன அதிசயம்?"

"சூரியன்ங்க!"

"சாயம் போச்சுன்னா எந்தக் கடையில போய்க் கேப்பே?"

மயில் கழுத்து நெய்தாரே, அந்த மயிலின் கழுத்திலும் நீலச் சாயம் துளி கிடையாது. இறகை அரைத்தால் பழுப்புப் பொடிதான் மிஞ்சும். நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புகிற விதமே அந்த நீலம். இதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு அடி போதும்.

திரும்பும் வழியில் பவளவண்ணர் கோயில். எதிரே பச்சைவண்ணர் கோயில். அந்திச் சூரியனும் 1883ஆம் வருஷத்துச் சூரியனும் எதிரெதிரே நிற்பதாக அன்று எனக்குத் தோன்றியது. தெருவில் ஒரு பாவு நீளமாக விரித்துக் கிடந்தது, நல்ல அரக்கு நிறம். பச்சை வெயிலில் இது எப்படித் தெரிந்திருக்கும்?

அம்மாவிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள். "செப்டம்பர் ஒம்பதுன்னா ஆவணிக் கடைசி. முகூர்த்தமெல்லாம் இருந்திருக்குமே!" சற்று யோசித்தாள். "பாவம், அன்னிக்கு எடுத்த கூறைப்புடவையெல்லாம் வீட்டுக்குப் போய் என்ன நிறமாச்சோ."