உரும்பிராயில் பெரியப்பாவின் மொறிஸ் மைனர்

பலாலி வீதியால் உரும்பிராய்க்குள் நுழைந்ததும் செம்மண் தோட்டங்கள் தொடங்கிவிடும். வெங்காயம், மரவள்ளி, வேலியோரம் பனைகள். போன கோடை விடுமுறைக்கு லண்டனில் இருந்து மகளோடு அங்கே போனோம். பெரியப்பா வீட்டு முற்றத்தில் எங்களுக்கு முன்பே இன்னொரு இங்கிலாந்துக்காரர் நின்றார்: சாம்பல் நிற மொறிஸ் மைனர்.

மைனர் 1948இல் வெளிவந்த கார். ஒக்ஸ்போட்டுக்குப் பக்கத்தில் கவுலி தொழிற்சாலையில் செய்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிறகு மினி காரையும் தந்தவர். லண்டனில் இதைக் கண்காட்சியில் வைத்துப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இன்னும் தேங்காய் மூட்டை ஏற்றுகிறார்கள்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். உங்கட வீட்டிலும் இதே கதைதானே?

காருக்கு இரண்டு வருத்தம். ஸ்ரியறிங் ஆடுது, எஞ்சின் இழுக்குதில்லை. பெரியப்பாவுக்கு 76 வயது, முழங்கால் மடியாது. "கராஜுக்குக் குடுப்பமே?" என்றேன். "குடுக்கலாம் பிள்ளை. அப்ப நீ ஏன் லண்டனிலை இருந்து சாமான் காவிக்கொண்டு வந்தனீ?" என்றார். அவர் கேட்ட ரை றொட் என்டும் கொன்ராக்ட் பொயின்ற்றும் என் சூட்கேசில் இருந்தன.

முதலில் ஸ்ரியறிங். ஓடாத கார் வீட்டில் நிற்கும், திரும்பாத கார் ஆளைக் கொல்லும் என்பது பெரியப்பாவின் கணக்கு. முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, இரண்டு பக்கமும் பனங்குத்தி வைத்தோம். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே போகக்கூடாது, சீமெந்துக் கல்லும் சரிவராது, வெடித்துவிடும். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் பக்கத்துத் தேய்மானம் தெரியும். இடமும் வலமும் ஆட்டினால் ரை றொட் என்ட் தெரியும். எங்களுக்கு இரண்டாவதுதான் ஆடியது.

பழைய மூட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று மகள் எண்ணினாள். புதியதை அதே அளவு சுற்றினோம். பிறகு முன்சில்லுகளுக்கு இடையே அளந்தோம். முன்பக்கத்து இடைவெளி பின்பக்கத்தைவிட 3/32 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும்.

மைனரில் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று கீழ் ட்றனியன். சில்லைத் தாங்குகிற காலின் அடியில் இருக்கும் மரையிட்ட மூட்டு அது. கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கால் கழன்று சில்லு மடிந்துவிடும். மகள் கிறீஸ் துப்பாக்கியால், பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வரும்வரை அடித்தாள்.

அடுத்த நாள் டைமிங். பொயின்ற் தேயத் தேய இடைவெளி குறையும், தீப்பொறியும் பிந்தும். எஞ்சின் இழுக்காததற்குக் காரணம் அதுதான். புதுப் பொயின்ற்றை 0.015 அங்குலத்துக்கு வைத்தோம். பிளக்குகளைக் கழற்றி, கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றி, கப்பியில் இருக்கும் வெட்டை டைமிங் கவரின் முள்ளுக்கு நேரே கொண்டுவந்தோம். ஒரு 12 வோல்ட் பல்ப். ஒரு வயர் டிஸ்ரிபியூட்டரின் பக்கத்து முனைக்கு, மற்றது எஞ்சின் உடம்புக்கு. இக்னிஷனைப் போட்டு டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பொயின்ற் திறக்கிற கணத்தில் பல்ப் பத்தும். அங்கேயே இறுக்க வேண்டும்.

பல்ப் மகளின் பொறுப்பு. "பத்திட்டுது!" என்று கத்தினாள். தமிழில்.

அப்போதுதான் டிஸ்ரிபியூட்டரின் அடியில் அரத்தால் கீறிய கோடுகளைக் கண்டாள். "ஏன் தாத்தா ரெண்டு கோடு?"

"ஒண்டு பெற்றோலுக்கு. மற்றது மண்ணெண்ணெய்க்கு."

1990இல் இருந்து பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது. யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள், சூடான பிறகு மண்ணெண்ணெய். ஆனால் அதன் ஒக்ரேன் குறைவு, பெற்றோல் டைமிங்கில் எஞ்சின் தட்டும். அதனால் தீப்பொறியைப் பிந்த வைத்தார்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு இடம்பெயர்வு. என் அப்பம்மாவைப் பின் சீற்றில் படுக்க வைத்து, பெரியப்பா தென்மராட்சிக்கு இந்தக் காரைத்தான் ஓட்டியிருக்கிறார். போத்தலில் இருந்த பெற்றோல் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணத்தான் காணும். நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள்ளே அடியடியாக ஊர்ந்தார்களாம். எஞ்சின் நின்றால் அப்பம்மாவைத் தூக்கித்தான் நடக்க வேண்டும். விடியும்வரை அது நிற்கவில்லை.

லண்டனில் இருந்த அப்பாவுக்கு இதை அவர் சொன்னதில்லை. "போனிலை சொல்லி என்ன, அவன் அங்கை நித்திரை இல்லாமல் கிடப்பான்" என்றார்.

மகள் முழுக் கதையையும் கேட்டாள். நான் ஒரு சொல்லும் மொழிபெயர்க்கவில்லை.

பெற்றோல் கோட்டில் இறுக்கிவிட்டு மூவரும் கீரிமலைக்குப் போனோம். ஸ்ரியறிங் நேராகப் பிடித்தது. கேணியில் குளித்து, கடலைப் பார்த்து நின்றுவிட்டு வந்தோம்.

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, வீட்டில் என்ன பழுது என்று முதலே கேளுங்கள். சொக்லேற்றோடு அந்தச் சாமானையும் கொண்டு போங்கள். ஸ்பனரைப் பிள்ளையின் கையில் குடுங்கள். கதை தானாக வரும்.