பெட்டியை நிரப்பாதே, பாப்பா

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. தோளில் இருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகப் பால்கனிக்குப் போனேன். நான் வளர்த்த எட்டு சாவிக் கீரைகளும் தலை தொங்கிக் கிடந்தன. முந்தின இரவு படுக்கப் போகும்போது இலைகள் விறைப்பாக நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். பெட்டியின் மூடியைத் தூக்கினேன். உள்ளே தண்ணீர் விளிம்புவரை இருந்தது. முந்தின இரவு ஊற்றியது நான்தான்.

தண்ணீரிலேயே நிற்கிற செடி எப்படி வாடும்? எனக்குப் புரியவில்லை. அழுகைதான் வந்தது. எட்டுக் கீரைக்கு அழுவதா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கீரையை நான் சாப்பிடுவதற்காக வளர்க்கவில்லை.

அப்பா என்னோடு பூச்சோங் வந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவி, பிறகு லோரி ஓட்டி, கடைசியில் தாமானில் ஒரு வீடு வாங்கியவர். அம்மா போன பிறகு ஆறு வருடம் அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். பின்பக்கம் முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி, செராய் என்று ஒரு சாண் இடத்தைக்கூட விட்டு வைக்கவில்லை. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. நானும் ஜோகூரில் இருக்கும் அண்ணனும் பேசி முடிவெடுத்தோம். வீட்டை வாடகைக்கு விட்டோம். அப்பாவைக் கேட்டீர்களா என்றால், கேட்கவில்லை. சொன்னோம்.

நான் இருப்பது பதினோராவது மாடி. பால்கனியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அப்பா அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கீழே போகும் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "என்னைய ஊர்லயே கொண்டுபோய் விட்டுடும்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

அவருக்கு ஒரு தோட்டம் வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். பதினோராவது மாடிக்கு மண் மூட்டை ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. கீழ்வீட்டுத் துணி மேல் சேறு சொட்டினால் அதற்கு வேறு சண்டை. அதனால்தான் ஹைட்ரோபோனிக்ஸ். மண்ணே இல்லாமல், சத்து கலந்த தண்ணீரில் செடி வளர்ப்பது.

அப்பாவிடம் சொன்னபோது, "மண்ணு இல்லாம கீரையா? ருசி எங்கேருந்து வரும்?" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடாமல் ஆரம்பித்தேன். பம்பு, குழாய், மின்விளக்கு எதுவும் வாங்கவில்லை. மீன் கடையில் கேட்டு, மூடியுள்ள வெள்ளை நுரைப்பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். மூடியில் எட்டு ஓட்டை. ஒவ்வொன்றிலும் சல்லடை மாதிரியான ஒரு சின்னக் கிண்ணம். பஞ்சுத் துண்டுகளை நனைத்து விதை போட்டால் சாவி இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். இரண்டு வாரத்தில் நாலு இலை வந்ததும் பஞ்சோடு கிண்ணத்தில் வைத்துப் பெட்டியில் இறக்க வேண்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொட்டால் போதும்.

உரம் ஏ, பி என்று இரண்டு புட்டிகளாக வரும். நான் வாங்கியதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒவ்வொன்றிலும் 5 மில்லிலிட்டர் என்று எழுதியிருந்தது. ஏன் இரண்டு புட்டி, ஒன்றாகவே கலந்து வைத்துக்கொள்வோமே என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். அரை மணி நேரத்தில் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஒரு புட்டியில் கால்சியம் இருக்கிறது, மற்றதில் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. கெட்டியாக இருக்கும்போது சேர்த்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து படிந்துவிடும், செடிக்குப் போகாது. ஏ-யைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கிய பிறகுதான் பி-யை ஊற்ற வேண்டும்.

அதைத் திருத்திக்கொண்ட பிறகு செடிகள் மளமளவென்று வளர்ந்தன. வளர வளரப் பெட்டியில் தண்ணீர் இறங்கியது. கிண்ணத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதைப் பார்த்தாலே எனக்கு மனசு பொறுக்காது. வானொலியில் பத்து வருடமாக இருக்கிறேன். ஒலிபரப்பில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். ஏதாவது பேசியோ ஒரு பாட்டைப் போட்டோ அந்த இடத்தை நிரப்பிவிடுவோம். அந்தப் பழக்கத்திலேயே பெட்டியையும் விளிம்புவரை நிரப்பினேன். மறுநாள்தான் எட்டும் சாய்ந்தன.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். நான்கு மாதத்தில் அவராக அந்தப் பெட்டிப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு செடியை நோகாமல் தூக்கி, வேரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தா பாரு, கீழ இருக்கிற வேரு நீளமா இருக்கு. மேல இருக்கிறது பஞ்சு மாதிரி, மயிர் மயிரா இருக்கு. இது தண்ணி குடிக்கிற வேரு இல்ல பாப்பா, மூச்சு விடுற வேரு. அத நீ முக்கிட்டே."

"தண்ணி குறைஞ்சிருந்துச்சுப்பா."

"குறையட்டும். தோட்டத்துல மழைக்குத் தண்ணி தேங்கி நின்னா கண்ணுங்க எதுனால சாகும்னு நினைக்கிறே? தாகத்துலயா? பெட்டிய நிரப்பாதே, பாப்பா."

ரப்பர் கன்றுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவர் என் நுரைப்பெட்டிக்குச் சொன்னார். அன்று சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். நான் செய்து பார்த்த முறைக்குப் பெயரே கிராட்கி முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெர்னார்ட் கிராட்கி என்ற தோட்டக்கலை ஆய்வாளரின் பெயர் அது. பம்பு வைத்துக் காற்று ஏற்றாமலே செடி பிழைப்பதற்குக் காரணம் அந்த வெற்றிடம்தான். தண்ணீர் இறங்க இறங்க மேல்வேர்கள் அங்கே இருக்கும் ஈரக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துப் பழகிக்கொள்கின்றன. பிறகு திடீரென்று அவற்றை மூழ்கடித்தால் மூச்சு முட்டுகிறது. நம் ஊர் வெயிலில் பெட்டித் தண்ணீரும் சூடாகிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் இன்னும் குறைவாகத்தான் கரையும். நான் செய்ததற்கு அந்த எட்டும் ஒரு ராத்திரி தாக்குப்பிடித்ததே பெரிது.

படித்து முடித்ததும் எனக்குச் செடி ஞாபகம் போய் அப்பா ஞாபகம் வந்தது.

அவர் வந்த நாளிலிருந்து நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? காலை நிகழ்ச்சியில் ஒவ்வொரு பாட்டு ஓடும்போதும் வீட்டுக்குக் குறுஞ்செய்தி. பசியாறினீர்களா, மாத்திரை போட்டீர்களா, யார் கதவைத் தட்டினார்கள். சமைக்க வேண்டாம் என்று சாப்பாட்டுக்கு ஏற்பாடு. கத்தியைத் தொடாதீர்கள், தனியாக மின்தூக்கியில் இறங்காதீர்கள். பொழுது போகட்டும் என்று தொலைக்காட்சியில் நூறு அலைவரிசை. அவருடைய நாளில் ஒரு விரல்கடை இடம்கூட நான் காலியாக விடவில்லை. எல்லாம் அன்பில்தான் செய்தேன். பெட்டியில் தண்ணீர் ஊற்றியதும் அன்பில்தான்.

மறுநாள் காலை நிகழ்ச்சியின்போது நான் அப்பாவுக்குச் செய்தி அனுப்பவில்லை. நான்கு மணி நேரமும் கை அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "அடுத்த தடவை கங்கோங் போடுவோம்" என்றார் அப்பா.

"மண்ணு இல்லாம ருசி இருக்காதுன்னு சொன்னீங்க?"

"கங்கோங் எப்போ மண்ணக் கேட்டுச்சு? ஈப்போ பக்கம் பழைய ஈயக் குட்டையில போய்ப் பாரு. தண்ணி மேலயே படர்ந்து கிடக்கும். நாங்க சின்ன வயசுல இடுப்பளவு தண்ணியில இறங்கி ஒடிச்சிட்டு வருவோம். அட்டை கடிக்கும்."

அந்தக் கதையை நான் முப்பத்து நான்கு வயதில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

இந்த முறை எல்லாம் அவர் கணக்கு. பசாரில் வாங்கிய கங்கோங்கின் தண்டையே கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் வைத்தார். சில நாட்களில் வேர் விட்டது. பெட்டியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். தண்ணீர் பாதிக்குக் கீழே போனால் அந்தக் கோடுவரை ஊற்றலாம், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் பெட்டியைச் சுற்றிப் பழைய கைலியைக் கட்டினார். ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரி தேங்கிய சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். அதனால் கிண்ணத்தின் ஓரத்தில் சந்து தெரிந்த இடத்திலெல்லாம் பஞ்சை அடைத்தார். வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து புழு இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். வீட்டில் இதை நீங்கள் செய்வதாக இருந்தால், மற்ற எதை விட்டாலும் இந்த ஒன்றை விடாதீர்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதில் காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். பெட்டி, கிண்ணம், உரம், விதை எல்லாம் சேர்த்து எனக்கு அறுபது வெள்ளி கிட்ட ஆனது. பசாரில் அந்தக் காசுக்கு எவ்வளவு கங்கோங் கட்டு வாங்கலாம் என்று கணக்குப் போட்டால் வெட்கமாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் செலவு இறங்கும். வெயிலும் வேண்டும். எங்கள் பால்கனியில் காலையில் நாலைந்து மணி நேரம் வெயில் விழுகிறது. அது கீரைக்குப் போதும். ஆசைப்பட்டு ஒரு தக்காளி வைத்தேன். உயரமாக வளர்ந்து நின்றதே தவிர, காய்க்கவில்லை.

நான்காவது வாரம் கங்கோங்கை ஒடித்து, பெலாச்சானும் மிளகாயும் போட்டு அப்பாவே வதக்கினார். நான் கத்தியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பரவால்ல" என்றார். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய பாராட்டு.

இப்போது பெட்டி மூன்றாகிவிட்டது. ஒன்பதாவது மாடி சீன அண்டிக்குக் கீரை போகிறது, அங்கிருந்து கெசும் இலை வருகிறது. இருவரும் அரைகுறை மலாயில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள்.

அப்பா ஊருக்குப் போகும் ஆசையை விட்டுவிட்டார் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அவர் விடவில்லை. வருடக் கடைசியில் வாடகைக்காரர்கள் காலி செய்கிறார்கள். என்ன செய்வது என்று இந்த முறை நானும் அண்ணனும் தனியாகப் பேசவில்லை. அப்பாவிடம் கேட்டோம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றிருக்கிறார். பதில் என்னவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டோம். அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தபோது அப்பா வீட்டில் இல்லை. கைப்பேசி மேசை மேலேயே கிடந்தது. கீழே ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. பால்கனிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. ஊற்றாமல் மூடிவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கையில் ஒரு பொட்டலம் தண்டுக்கீரை விதை.